வளையல்காரி பார்த்த துப்பாக்கி அளவு

உம்மு ஹானி மன்னிக்கிற ரகம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் அவள் மனம் இளகிவிடுவாள் என்று காத்திருந்து ஏமாற வேண்டாம். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று யாராவது சொன்னால், "பூமியை அவுகளே ஆளட்டும், எனக்கு அஜ்மான்ல ஒரு ரூம் போதும்" என்பாள்.

கீழக்கரைக்காரி. 1973இல் பம்பாயில் கப்பலேறி, கணவன் நெய்னா முகம்மதுவோடு ஷார்ஜா வந்து இறங்கியவள். நெய்னாவுக்குப் பழைய பஜாரில் ஓர் ஆயுதக் கடையில் வேலை. பாலைவனத்தில் கூடாரம் போட்டிருந்தவனிடம்கூட ஒரு ரைபிள் இருந்த காலம் அது. ராஜாளி வைத்து வேட்டையாடும் அரபிகள், எண்ணெய்க் கம்பெனி எஞ்சினீயர்கள், பழைய துருக்கித் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒட்டகத்தை விற்றுவிட்டு வரும் நாடோடிப் பதுக்கள் என்று எல்லாரும் அந்தக் கடைக்கு வருவார்கள். எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டிக் கொடுப்பது நெய்னாவின் வேலை. பேச்சு குறைவு. கை சுத்தம். முதலாளியான அர்பாப், அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் 'கை' என்றுதான் கூப்பிடுவார்.

கடையின் மேனேஜர் கௌஸ் முகைதீன். அவரும் கீழக்கரை. நெய்னாவுக்கு விசா வாங்கிக் கொடுத்தவரே அவர்தான், அதனால் புருஷனும் பெண்டாட்டியும் அவரைக் 'காக்கா' என்று, அண்ணன் முறையில், மரியாதையாகக் கூப்பிட்டார்கள். தங்க ஃபிரேம் கண்ணாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அரபு, உருது, இங்கிலீஷ் மூன்றும் வாயில் வழுக்கிக்கொண்டு வரும். ஒரு திருப்புளியைக் கையில் எடுத்து அவரை ஒருவரும் பார்த்ததில்லை. துப்பாக்கியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பெண் பிள்ளை கேட்டால் கண்ணாடி அலமாரியில் இருப்பதிலேயே சின்னதாக, பளபளப்பாக ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். "பொம்பளைக்குச் சின்னது போதும்" என்பது அவருடைய வேதம்.

1974இல் ஒரு நாள் காலை, கம்பெனி அதிகாரி ஒருவர் தம் மனைவியோடு கடைக்கு வந்தார். அந்த அம்மாள் அதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. கௌஸ் முகைதீன் வெள்ளி முலாம் பூசிய குட்டிப் பிஸ்டல் ஒன்றை எடுத்து நீட்டினார். பிஸ்டலின் மேல்பாகம் பின்னால் நகரும். அதை இழுத்து விட்டால்தான் குண்டு உள்ளே ஏறும், உள்ளே இருப்பது வெளியே வரும். கடையில் அதற்கு ஸ்லைடு என்று பேர். குட்டிப் பிஸ்டலில் அந்த ஸ்லைடு கல் மாதிரி இறுகியிருக்கும், பிடித்து இழுக்க இடமும் இருக்காது. அந்த அம்மாள் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. உடம்பைத் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். வலக்கையில் பிஸ்டலைப் பிடித்து இடக்கையால் இழுத்தால் அதன் வாய் இடப்பக்கம்தான் திரும்பும். இடப்பக்கம் எண்ணெய்த் துணியோடு நின்றுகொண்டிருந்தவன் நெய்னா முகம்மது. விரல் விசையில் பட்டது. காலி என்று கொடுத்த பிஸ்டல் வெடித்தது.

வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. 'கை' என்று பெயர் வாங்கியவனுக்குக் கையிலேயே விழுந்தது அடி.

அதைக்கூட விதி என்று உம்மு ஹானி விட்டிருப்பாள், ஒருவேளை. விட முடியாதது அதற்கு அப்புறம் நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெய்னா அரை மயக்கத்தில் கிடக்கும்போதே போலீஸ் ஸ்டேஷனிலிருந்து உருது பேசும் எழுத்தர் ஒருவர் வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போனார். பேச்சுக்குத் துணையாகக் கௌஸ் முகைதீன் நின்றார். மூன்றாம் நாள் காகிதம் வந்தது. பிஸ்டலில் குண்டை விட்டு வைத்தது நெய்னாதான் என்றும், அதை அவனே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டான் என்றும் அதில் எழுதியிருந்தது. அர்பாப் காகிதத்தைப் படித்துவிட்டு, வருத்தத்தோடுதான், அவனை வேலையை விட்டு நிறுத்தினார்.

"நீங்க மன்னிப்புக் கேட்டீங்களா மச்சான்?" என்று உம்மு ஹானி கேட்டாள்.

"ஞாபகமே இல்ல புள்ள. ஏதோ கேட்டாக, ஏதோ சொன்னேன். ரத்தம் போயிக்கிட்டே இருந்துச்சு."

"நீங்க குண்டை விட்டு வச்சீங்களா?"

நெய்னா கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தான். "வச்சிருக்க மாட்டேன். ஆனா நானே ஒத்துக்கிட்டேன்னு எழுதியிருக்கே. ஒருவேளை வச்சிருப்பேனோ என்னமோ."

இந்த 'ஒருவேளை'தான் அவள் வயிற்றில் பற்றிய நெருப்பு. விரல் போன மனுஷன் சோறு தின்னலாம், தொழலாம், பிள்ளையைத் தூக்கலாம். தன் கையையே நம்பாத மனுஷன் என்ன செய்வான்? நெய்னா அஜ்மானில் தெரிந்தவர் ஒருவரின் மளிகைக் கடையில் டின் அடுக்கப் போனான். அடுக்கிய டின்னைத் திரும்பப் போய் எண்ணுவான். அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தரம் எழுந்து போய்ப் பார்ப்பான். "நாந்தான் புள்ள, எனக்குத்தான் இப்பல்லாம் மறதி" என்பான். அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் உம்மு ஹானி கௌஸ் முகைதீனின் முகத்தை நினைத்துக்கொள்வாள். குண்டைப் போட்டது யார் என்பதை அந்த ஆளின் வாயாலேயே, அர்பாபுக்கு முன்னால், வரவழைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"விட்டுடு புள்ள, அல்லா பாத்துக்குவான்" என்பான் நெய்னா.

"அல்லா பாக்கட்டும். நானும் பாக்குறேன்."

வீட்டில் உலை கொதிக்க அவள் வளையல் விற்றாள். பம்பாயிலிருந்து வரும் கண்ணாடி வளையலைப் பெட்டியில் அடுக்கி, ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் அரபி வீடுகளின் பெண்கள் பகுதிக்கு எடுத்துப் போவாள். அவள் பிறந்த வீட்டுத் தொழிலே வளையல். ஒரு பெண்ணின் கையைப் பிடித்து, கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, முட்டியை ஒரு தரம் பிசைந்தால் போதும், இரண்டு நாலா, இரண்டு ஆறா, இரண்டு எட்டா என்று அளவு சொல்லிவிடுவாள். எலும்பு இளகுமா இளகாதா என்பதும் தெரிந்துவிடும். போகப் போக மணிக்கட்டின் பலமும், ஆளின் பொறுமையும்கூடக் கையிலேயே தெரிய ஆரம்பித்தது. அவள் போட்டுவிட்டால் வளையல் உடையாது, கை கீறாது. அர்பாபின் மனைவிக்கு அவளைத் தவிர வேறு வளையல்காரி பிடிக்காது.

இரண்டரை வருஷம் இப்படிப் போயிற்று. விமானக் கடத்தல் செய்தி ரேடியோவில் வராத மாதம் இல்லை என்கிற காலம். விமான நிலையத்தில் பெண் பயணிகளைச் சோதனை போடவும் காவலுக்கும் இருபத்திரண்டு பெண்களைப் போலீஸில் புதிதாக எடுத்தார்கள். எல்லாரும் உள்ளூர்ப் பெண்கள், முகத்தில் புர்கா, உடம்பில் அபாயா. ஒருத்திகூடத் துப்பாக்கி பிடித்தவள் இல்லை. அவர்களுக்குக் கைத்துப்பாக்கி கொடுக்கும் ஆர்டர் அர்பாபின் கடைக்கு வந்தது. கௌஸ் முகைதீன் யாரையும் கேட்காமல் குட்டிப் பிஸ்டலாக முப்பதை வரவழைத்து அடுக்கிவிட்டார். ஆனால் பொறுப்பில் இருந்த போலீஸ் கேப்டன் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பலூச்சி வம்சம், உருதுக்காரர், விவரமான ஆள். ஒவ்வொருத்திக்கும் கை பார்த்துத்தான் துப்பாக்கி தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கை பார்ப்பது யார்? அந்நியப் பெண்ணின் கையை எந்த ஆண் தொட முடியும்? கடை திகைத்தது. அர்பாபின் மனைவி வீட்டுக்குள்ளிருந்தே வழி சொன்னார்: "என் வளையல்காரியைக் கூப்பிடுங்கள். இந்த ஊரில் பாதிப் பெண்களின் கை அவளுக்கு மனப்பாடம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. உம்மு ஹானி அன்றைக்கே கடைக்குப் போனாள். கௌஸ் முகைதீன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சிரித்தார்.

"வாம்மா உம்மு ஹானி. பழசெல்லாம் மறந்துட்டியா?"

"மறந்துட்டேன் காக்கா" என்றாள். அந்தப் பொய்யைச் சொல்ல அவள் நாக்குக் கூசவே இல்லை.

வீட்டில் நெய்னாவை உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். முதலில் அவனுக்குப் பயம். துப்பாக்கி என்ற பேச்சு எடுத்தாலே அடுப்பைப் பார்க்க எழுந்து போவான். பிறகு தேங்காய்த் துருவியைப் பிஸ்டலாக வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்; சொல்லச் சொல்லப் பழைய நெய்னா கொஞ்சம் எட்டிப் பார்த்தான்.

"சின்னதுன்னா சுலபம்னு நெனைக்கிறாக. தப்பு. கனமில்லாத பிஸ்டல்தான் கையை ஜாஸ்தி உதைக்கும். கொஞ்சம் கனமா இருந்தா உதைப்பை அதுவே வாங்கிக்கும். பிடி உள்ளங்கையில நிறைஞ்சு உட்காரணும். ஆள்காட்டி வெரலு நீட்டாம நெளியாம விசையில போயி படணும், வெரலோட முன் சதை படணும். ஸ்லைடு இழுக்கப் பலம் இல்லாதவுகளுக்கு ரிவால்வர் கொடு. அதுல இழுக்குற வேலையே இல்ல, உருளையைத் திறந்தா குண்டு இருக்கா இல்லையான்னு கண்ணுக்கே தெரியும்."

"வளையல் மாதிரிதான்னு சொல்லுங்க."

"ஆமா. கைக்குத்தான் துப்பாக்கி. துப்பாக்கிக்குக் கை இல்ல." துருவியைக் கீழே வைத்துவிட்டு, "எதைத் தொட்டாலும் முதல்ல குண்டு அடுக்கியிருக்குற மேகஸின உருவு. ஸ்லைடை இழுத்து உள்ள பாரு. கண்ணை நம்பாத, சுண்டு வெரலை விட்டும் பாரு. ஒருத்தர் காலின்னு சொன்னா நம்பாத. நான் சொன்னாலும் நம்பாத" என்றான்.

பெண்கள் தங்கியிருந்த வீட்டில் நான்கு நாள் வேலை நடந்தது. ஒவ்வொருத்தியின் கையையும் பிசைந்து அளவு பார்த்தாள். ஈரத் துண்டைக் கொடுத்துப் பிழியச் சொன்னாள். யார் மணிக்கட்டில் பலம், யார் தோளில் பலம் என்று அதில் தெரிந்தது. அப்புறம் காலியாக்கிய துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பிடிக்கக் கொடுத்தாள். கண்ணை மூடிச் சுவரைக் குறி பார்க்கச் சொல்லி, பிறகு திறக்கச் சொல்வாள். குறி எங்கே போயிருக்கிறது என்று பார்த்தால் பிடி பொருந்தியதா என்று தெரிந்துவிடும். "உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்ட பிறகுதான் தன் அபிப்பிராயத்தைச் சொல்வாள். அந்தப் பெண்களிடம் ஒரு துப்பாக்கியைப் பற்றி அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அவளுக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியாது. அதனால் சீட்டில் வளையல் அளவையே பேனாவால் எழுதித் துப்பாக்கிகளின் மேல் ஒட்டினாள். இரண்டு நாலு கைக்கு இந்த ரிவால்வர், இரண்டு எட்டுக்கு அந்தப் பெரிய பிஸ்டல். இரண்டு ஆறு கைக்காரிகளில் மணிக்கட்டு பலமானவர்களுக்கு ஒன்று, பலம் இல்லாதவர்களுக்கு வேறொன்று. கேப்டன் அந்தச் சீட்டுகளைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் கிழித்துப் போடவில்லை.

நான்காம் நாள் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது: கௌஸ் முகைதீன் அடுக்கி வைத்த குட்டிப் பிஸ்டல் இருபத்திரண்டு பேரில் பதினேழு பேருக்கு உதவாது. அவர்களால் ஸ்லைடை இழுக்கவே முடியவில்லை. நல்லவளாக இருந்தால் அன்றைக்கே அர்பாபிடம் சொல்லியிருப்பாள். அவள் சொல்லவில்லை. "மேனேஜர் எடுத்தது நல்லதா நான் எடுத்தது நல்லதான்னு எல்லாருக்கும் முன்னால பாத்துக்கலாம்" என்று கேப்டனிடம் சொல்லி அனுப்பினாள்.

ஷம்ஸா என்று ஒரு பெண். இரண்டு நாலு கை, பூஞ்சை உடம்பு, பொறுமை மட்டும் துளியும் கிடையாது. வராத ஸ்லைடை உடம்பு முழுக்கத் திருப்பி இழுப்பாள். இழுக்கும்போது பிஸ்டலின் வாய் நேராக இடப்பக்கம் போகும், நான்கு நாளும் தவறாமல் போயிற்று. உம்மு ஹானி அதைக் கவனித்து மனசில் வைத்துக்கொண்டாள். நெய்னா நின்ற இடத்தில் கௌஸ் முகைதீன் ஒரு தரம் நிற்க வேண்டும், அந்த ஓட்டையை அவர் ஒரு தரம் நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அதற்கு மேல் அவளிடம் திட்டம் எதுவும் இல்லை.

சோதனைக்குக் குறித்த நாளில் ஊருக்கு வெளியே மணல் மேட்டுக்கு முன்னால் எல்லாரும் கூடினார்கள். கேப்டன் வந்தார், அர்பாப் வந்தார். முதலில் குண்டில்லாமல் பழகிக் காட்டுவது, அப்புறம்தான் சுடுவது என்று ஏற்பாடு. பெட்டிகள் லேண்ட்ரோவரிலிருந்து இறங்கியதும், கௌஸ் முகைதீன் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், உம்மு ஹானி ஒவ்வொரு பிஸ்டலையும் மேகஸின் உருவி, ஸ்லைடு இழுத்து, சுண்டு விரலை விட்டுப் பார்த்து வைத்தாள். எல்லாம் காலி. அவளுக்குக் கோபம்தான், கொலைவெறி இல்லை. அந்தப் பெண்களும் அவளுக்குப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டிருந்தார்கள்.

"காக்கா, நீங்க இந்தப் பக்கம் நில்லுங்க. பெட்டிய நீட்டிக் கொடுக்க வசதியா இருக்கும்" என்று ஷம்ஸாவின் இடப்பக்கத்தைக் காட்டினாள்.

கௌஸ் முகைதீன் வந்து நின்றார். பெட்டியிலிருந்து ஒரு குட்டிப் பிஸ்டலை எடுத்து, மேகஸினை உருவாமல், உள்ளே பார்க்காமல், அப்படியே ஷம்ஸாவின் கையில் கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த உம்மு ஹானிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இரண்டு விரல் போன பிறகும் இந்த மனுஷன் ஒரு பாடமும் படிக்கவில்லை.

ஷம்ஸா இழுத்தாள். வரவில்லை. உடம்பைத் திருப்பி இழுத்தாள். பிஸ்டலின் வாய் கௌஸ் முகைதீனின் தொப்புளுக்கு நேராக வந்து நின்றது. அவள் விரல் விசைக்குப் பக்கத்தில் துழாவியது.

"மாஃபி! மாஃபி!" என்று அலறிக்கொண்டு கௌஸ் முகைதீன் இரண்டு கையையும் தூக்கினார். ஒரு செருப்பு மணலில் நின்றுவிட்டது, அவர் மட்டும் பின்னால் போனார்.

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். உருதுவில் கேட்டார்: "எதற்கு ஐயா மன்னிப்புக் கேட்கிறாய்? என்ன தப்புச் செய்தாய்?"

"மன்னிப்பு இல்ல சாப்! அந்த மாஃபி இல்ல, அரபு மாஃபி! குண்டு இல்ல, இல்லன்னு இந்தப் பொண்ணுகிட்டச் சொல்றேன்!"

உம்மு ஹானி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். வளைகுடாவில் கால் வைத்த எந்தத் தமிழனும் முதலில் படிக்கும் அரபு வார்த்தை மாஃபி. இல்லை என்று அர்த்தம். தண்ணி மாஃபி, வேலை மாஃபி, சம்பளம் மாஃபி. யார் என்ன மொழியில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், இந்திக்காரன் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அதே சத்தம் உருதுவில் விழுந்தால் மன்னிப்பு. ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டவர் உருது பேசும் எழுத்தர். குண்டு வைத்தாயா என்று அவர் கேட்டிருப்பார். ரத்தம் போய்க் கிடந்த நெய்னா தனக்குத் தெரிந்த ஒரே அந்நிய வார்த்தையைச் சொல்லியிருப்பான். பக்கத்தில் நின்ற கௌஸ் முகைதீனுக்கு இரண்டு மொழியும் தெரியும்.

அவள் ஷம்ஸாவின் கையிலிருந்து பிஸ்டலை மெல்ல வாங்கி, வாயை மணலைப் பார்க்கத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். வீடு வீடாக வளையல் விற்றுக் கற்ற இந்தியில் கேப்டனிடம் பேசினாள்.

"சாப், இவர் இப்பச் சொன்ன இதே வார்த்தையத்தான் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில சொன்னாரு. குண்டு வைக்கலன்னு சொன்னாரு. மன்னிப்புக் கேட்டான்னு எழுதிட்டாங்க. பக்கத்துல நின்னு அர்த்தம் சொன்னது இவருதான்."

கேப்டனின் சிரிப்பு நின்றது. அவர் அதை அரபில் அர்பாபுக்குச் சொன்னார். அர்பாப் கௌஸ் முகைதீனைத் திரும்பிப் பார்த்தார்.

"அதெல்லாம் பழைய கதை" என்றார் கௌஸ் முகைதீன். "குண்டை விட்டு வச்சது அவன்தான். நான் எல்லாத்தையும் பாத்துத்தான் கஸ்டமர் கையில கொடுப்பேன்."

"இதையும் பாத்துத்தான் கொடுத்தீங்களா காக்கா?"

"பாத்துத்தான் கொடுத்தேன்."

"காலியா?"

"காலிதான்!"

"அப்ப இந்த ஓட்டையில உள்ளங்கைய வைங்க. நான் விசைய அமுக்குறேன்."

இருபத்திரண்டு பெண்களும் புர்காவுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கௌஸ் முகைதீனின் கை பாதி தூரம் வந்தது, நின்றது, திரும்பிப் போயிற்று. கண்ணாடிக்குக் கீழே வேர்வை வழிந்தது.

"வைங்க காக்கா. பாத்துத்தானே கொடுத்தீங்க? உங்க வெரலு என் மச்சான் வெரலை விட ஒசத்தியா?"

"வை" என்றார் அர்பாப், அரபில்.

"பாக்கல" என்றார் கௌஸ் முகைதீன். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. "நான் பாக்கல."

"அன்னைக்கு?"

அவர் அர்பாபைப் பார்த்தார், கேப்டனைப் பார்த்தார், தப்பிக்க மணல்தான் இருந்தது. "அன்னைக்கும் பாக்கல. முந்தின நாளு ஒரு கஸ்டமருக்கு ஏத்திக் காட்ட நாந்தான் குண்டு போட்டேன். எடுக்க மறந்துட்டேன்."

அதைக் கேட்க அவள் இரண்டரை வருஷம் காத்திருந்தாள். கேட்டபோது நெஞ்சு நிறைந்தது, வெட்கப்படாமல் சொல்லலாம், தேன் குடித்த மாதிரி இருந்தது. பிஸ்டலின் ஸ்லைடை ஒரே இழுப்பில் இழுத்து உள்ளே காலி என்று எல்லாருக்கும் காட்டினாள். கௌஸ் முகைதீன் அந்தக் காலி ஓட்டையைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டார். அர்பாப் அவர் இடுப்பிலிருந்த கடைச் சாவியைக் கழற்றிக்கொண்டார். பழைய காகிதத்தை ரத்து செய்து புதிதாக எழுதி வாங்கித் தருவதாகக் கேப்டன் சொன்னார். ஒரு வாரத்தில் தந்தும் விட்டார். முப்பது குட்டிப் பிஸ்டலும் வந்த வழியே திரும்பிப் போயின. வளையல் அளவு ஒட்டிய துப்பாக்கிகளை வைத்து அந்தப் பெண்கள் மத்தியானம் வரை சுட்டார்கள். ஷம்ஸா தன் ரிவால்வரால் தகர டின்னை மூன்று தரம் அடித்துவிட்டு, குலவை போட்டாள்.

அஜ்மானுக்கு வந்ததும் நேரே மளிகைக் கடைக்குப் போனாள். நெய்னா பால் டின் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நீங்க வைக்கல மச்சான். அவுக வாயாலேயே சொல்லிட்டாக."

"நான் வைக்கலையா புள்ள?"

"வைக்கல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவன் அங்கேயே, கோதுமை மூட்டையின் மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே போய் நின்றார். அழுது முடித்ததும் நெய்னா சொன்ன முதல் வார்த்தை, "இனி அந்த மனுஷனை விட்டுடு புள்ள" என்பதுதான். அவனுடைய குணம் அப்படி. பெண்டாட்டியின் குணம் வேறு.

மறுநாள் அர்பாப் அவளைக் கூப்பிட்டு, கௌஸ் முகைதீனை அடுத்த விமானத்தில் ஊருக்கு ஏற்றிவிடட்டுமா, கலாஸ் என்று முடித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். ஊருக்குப் போனால் கீழக்கரையில் பெரிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு துபாய்க் கதை பேசுவார், அவ்வளவுதானே. அவர் இங்கேயே இருக்கட்டும். நெய்னாவை மறுபடி கடையில் வைக்க வேண்டும், இடக்கையால் செய்கிற வேலையைச் செய்வார். பெண்களுக்குத் துப்பாக்கி பார்த்துக் கொடுக்கும் பகுதி தன் பொறுப்பில் இருக்க வேண்டும். கௌஸ் முகைதீன் அதில் தனக்குக் கீழே நிற்க வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியும் ஒரு பெண்ணின் கைக்குப் போகுமுன் அவர்தான் அதை உருவி, திறந்து, விரல் விட்டுப் பார்த்து, வந்தவள் முகத்துக்கு எதிரே உரக்கச் சொல்ல வேண்டும்: "இது காலி. நான் ஒரு தரம் பார்க்காமல் கொடுத்தேன், ஒரு மனுஷனுக்கு இரண்டு விரல் போயிற்று." அரபில், உருதுவில், இங்கிலீஷில். அவருக்குத்தான் மூன்றும் வருமே.

அர்பாப் அவளை உற்றுப் பார்த்தார், பிறகு சரி என்றார். கௌஸ் முகைதீனுக்கு அவர்தான் கஃபீல், விசாவுக்குப் பொறுப்பானவர். பாஸ்போர்ட் அவருடைய இரும்புப் பெட்டியில் இருந்தது, கௌஸ் முகைதீன் நினைத்தபடி ஓட முடியாது. அது நியாயமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். உம்மு ஹானி கேட்டுக்கொள்ளவில்லை.

நாளடைவில் அந்தப் பகுதிக்கு நல்ல பெயர் வந்தது. கம்பெனிக்காரர்களின் மனைவிமார்கள், தோட்ட வீட்டில் தனியாக இருக்கும் ஷேக் வீட்டுப் பெண்கள் என்று துப்பாக்கி தொட்டறியாத பெண்கள் எல்லாரும் வளையல்காரியிடம் வந்து கையை நீட்டினார்கள். வருகிற ஒவ்வொருத்திக்கும் கௌஸ் முகைதீன் தன் பாடத்தை ஒப்பித்தார். வெள்ளைச் சட்டையின் மடிப்புக் கலைந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். குரல் தாழ்ந்தால் உம்மு ஹானி, "காக்கா, அவுகளுக்குக் கேக்கலயாம்" என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். அவர் மறுபடி முதலிலிருந்து சொல்வார். பின்கட்டில் எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்திருக்கும் நெய்னா தலையைக் குனிந்துகொள்வான்.

ஒரு வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அசர் தொழுகை முடிந்த நேரம், கௌஸ் முகைதீனின் மனைவி ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் அஜ்மான் அறைக்கு வந்தாள். உம்மு ஹானியை விட வயதில் பெரியவள், அவளுக்கு 'லாத்தா', அக்கா முறை; பெரிய வீட்டுப் பெண். வந்தவள் பாயில் உட்காரவில்லை, வெறும் தரையில் உட்கார்ந்தாள்.

"உம்மு ஹானி, நீ எனக்குத் தங்கச்சி மாதிரி. அவுக சோறு தின்ன மாட்டேங்கிறாக. தூக்கத்துலயும் அதையேதான் மூணு பாஷையிலயும் சொல்றாக. பிள்ளைகளுக்கு முன்னாடி சொல்றாக. செஞ்சது தப்புதாம்மா. ஒரு வருஷம் ஆச்சே. அல்லாவுக்காக விட்டுடு, ஊருக்குப் போயிடுறோம்."

உம்மு ஹானி அவளுக்குச் சர்பத் கலக்கிக் கொடுத்தாள். குடிக்கும் வரை பொறுத்திருந்தாள். அந்த அம்மாள் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, இரக்கம்கூட இருந்தது. ஆனால் இரக்கம் வேறு, கணக்கு வேறு.

"மச்சான், இங்கன வாங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

நெய்னா முகம்மது வந்து உட்கார்ந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. உம்மு ஹானி அவன் வலக்கையைப் பிடித்து, அந்த அம்மாளின் மடிக்கு நேரே நீட்டி வைத்தாள். மூன்று விரலும், இரண்டு மொட்டையும்.

"லாத்தா, இதுல ரெண்டு வெரலு மொளைக்கிற அன்னைக்கு வாங்க. அன்னைக்கே ரெண்டு பேருக்கும் நானே டிக்கெட் எடுத்துத் தாறேன்."

ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நெய்னாவைப் பார்த்தாள். ஊரில் எல்லாருக்கும் தெரியும், அவன் இளகின மனசுக்காரன். பெண்டாட்டியை அதட்டாவிட்டாலும் ஒரு நல்ல வார்த்தையாவது சொல்வான் என்று அவள் நம்பித்தான் வந்திருந்தாள். நெய்னா வாயைத் திறக்கவில்லை. நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.